சான்ஸ்கர் டோடா ஆறு: செப்டம்பரில் பேக்ராஃப்ட் போட்டு இறங்கலாமா?

ஜெயநகர்_நடையன்

வணக்கம். பெங்களூரிலிருந்து மூன்று பேர் கிளம்புகிறோம், செப்டம்பர் முதல் வாரம். லே, கார்கில், ரங்தும் வழியாக பென்ஸி லா கணவாய் வரை வண்டி. அங்கிருந்து டிராங் டுரூங் பனியாற்றின் முகத்துக்கு நடந்து இறங்கி, டோடா ஆற்றில் பேக்ராஃப்ட் (மடித்து முதுகுப்பையில் தூக்கிப் போகும் காற்றடைத்த சிறு படகு) போட்டு, சான்ஸ்கரின் தலைமை ஊரான பதும் வரை வருவது திட்டம். சாலைக்கணக்கில் சுமார் 80 கி.மீ., நான்கு நாள் ஒதுக்கியிருக்கிறோம். உடம்பும் நாளும் இடம் கொடுத்தால் அப்படியே சான்ஸ்கர் மலையிடுக்கில் இறங்கி நிம்மு வரை போய்விடலாம் என்று ஒரு நப்பாசை.

மூன்று பேருக்கும் தாண்டேலி காளி ஆற்றில் கிரேடு 2, 3 (ஆற்றோட்டத்தின் கடுமையை 1 முதல் 6 வரை சொல்லும் அளவு) பழக்கம் உண்டு. கவிழ்ந்தால் தண்ணீரிலிருந்தே படகில் ஏறத் தெரியும். பனித்தண்ணீர் மட்டும் புதிது.

சந்தேகங்கள் இவை. தினமும் எத்தனை மணிக்குப் படகை இறக்குவது? "பனியாற்றில் காலை 6 மணிக்கே இறங்கு, மதியம் தண்ணி ஏறிடும்" என்கிறார்கள், எங்கேயும் அது சரிதானா? 3 மி.மீ. வெட்சூட் (நனைந்தாலும் சூடு காக்கும் ரப்பர் உடை) போதுமா, டிரைசூட் (தண்ணீரே புகாத உடை) கட்டாயமா? உள்ளே சாமான் வைக்கும் ஜிப் உள்ள படகு நல்லதா, இல்லாதது நல்லதா? அமெரிக்காவில் இருக்கும் மச்சான் கார்மின் இன்ரீச் (சாட்டிலைட் மெசேஜ் கருவி) தருகிறேன் என்கிறார், கொண்டுபோகலாமா? சாப்பாடு பற்றியும் சொன்னால் நல்லது.

பரிசல்துறை

நடையன், நப்பாசையை முதலில் வெட்டிவிடுங்கள். பித்மோ கிராமம் தாண்டி மலையிடுக்குக்குள் நுழைந்துவிட்டால் அது வேறு ஆறு. டோடாவும் சரப் ஆறும் பதும் அருகே சேர்ந்த மொத்தத் தண்ணீரும் அங்கே ஒரே வாய்க்காலில் போகிறது. கிரேடு 3, 4 என்று எழுதியிருப்பதைக் காளி ஆற்றின் 3 என்று படிக்கக் கூடாது. காளியில் ஒரு அலையைத் தாண்டினால் ஒரு மடு கிடைக்கும், மூச்சு வாங்கலாம். இங்கே கொந்தளிப்பும், பாறைச் சுவரில் மோதித் திரும்பும் சுழலும்தான் தொடர்ந்து வரும். வணிகக் குழுக்கள் பெரிய ராஃப்ட், காப்பாற்ற ஒரு கயாக் என்றுதான் அதில் இறங்குகின்றன.

டோடாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடவே சாலை வருகிறது என்பதே அதன் பெரிய வசதி. படகு கிழிந்தாலும் ஆள் சோர்ந்தாலும் கரையேறி நடந்தால் வண்டி கிடைக்கும். முதல் பனித்தண்ணீர்ப் பயணத்துக்கு அந்த வழி திறந்திருக்க வேண்டும்.

பயண வரிசையையும் மாற்றுங்கள். கார்கில் வழியாக வந்து பென்ஸி லாவில் இறங்கினால் ஆற்றைப் பார்க்காமலே அதில் இறங்குகிறீர்கள். நிம்மு-பதும் சாலை 2024 மார்ச்சில் இணைந்துவிட்டது. கரடுமுரடுதான், ஆனாலும் லேயிலிருந்து அதில் பதும் வந்து, ஒரு இரவு தங்கி, மறுநாள் டாக்ஸியில் டோடாவை ஒட்டியே மேலே ஏறுங்கள். போகிற வழியில் பாலங்கள், ஆறு ஒரே வாய்க்காலாகக் குறுகும் இடங்கள், வெளிக்கரை அரிந்து நிற்கும் வளைவுகள் ஒவ்வொன்றையும் இணையமின்றி வேலை செய்யும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மலையிடுக்கையும் சாலையிலிருந்தே பார்த்துவிடுவீர்கள், அந்த நப்பாசையும் தீர்ந்துவிடும்.

பனியாற்றின் முகத்தடியில் ஏரி இருக்கிறது. அதில் படகு போடாதீர்கள். முகத்திலிருந்து பனிக்கட்டிகள் சொல்லாமல் உடைந்து விழும், மிதக்கிற கட்டி புரளவும் செய்யும். ஏரியிலிருந்து வெளியேறும் ஓட்டமும் மொரெய்ன் (பனியாறு தள்ளிக் குவித்த) பாறைகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்குகிறது. அதைத் தாண்டி, சரளைப் படுகை விரியும் இடத்துக்கு நடந்து வந்த பிறகு இறக்குங்கள். அங்கிருந்து பதும் வரை மொத்த இறக்கம் சுமார் 500 மீட்டர், கி.மீ.க்கு ஏழு மீட்டர் போல. பெரும்பாலும் கிரேடு 2. கீழே ரெமாலா, பே பக்கத்திலிருந்துதான் ராஃப்டிங் குழுக்களும் வழக்கமாகக் கிளம்புகின்றன.

இனி நேரம். "காலையில் தண்ணி குறைவு" என்பது பனியாற்றுக்குப் பக்கத்தில் மட்டும் உண்மை. வெயில் உருக்கிய தண்ணீர் முகத்தருகே சாயங்காலம் நாலு முதல் ஆறு மணிக்குள் உச்சத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வினாடிக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு ஐந்து முதல் ஏழு கி.மீ. அதே தண்ணீர் 60 கி.மீ. கீழே போய்ச் சேர எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நேற்றைய மதிய வெயில் பதும் பக்கம் வருவது நள்ளிரவு தாண்டி, விடிகாலையில். மேலே காலை 6 மணி என்பது அடிமட்டம், கீழே அதே 6 மணி உச்சம் தாண்டிய வேளை. நடுவில் பக்க ஓடைகள் வேறு ஒவ்வொன்றும் தன் நேரத்துக்கு வந்து சேரும், ஆகவே எந்தக் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம், ஆற்றையே கேளுங்கள். முகாம் போட்டதும் நீர் விளிம்பில் ஒரு குச்சி நடுங்கள். படுக்கும் வரை மணிக்கொரு முறை பாருங்கள், இரவில் எழுந்தால் ஒரு முறை, விடிந்ததும் ஒரு முறை. அந்த இடத்தின் ஏற்ற இறக்கம் ஒரே இரவில் தெரிந்துவிடும். மேகம் மூடிய நாளுக்கு அடுத்து தண்ணீர் குறையும். மழை பெய்தால் குச்சிக் கணக்கு செல்லாது, கரையிலேயே இருங்கள்.

வெண்நுரை

பரிசல்துறை சொன்னதோட காத்தையும் சேர்த்துக்கோங்க. முற்பகல் முடியற நேரத்துல பள்ளத்தாக்குல கீழேருந்து மேல காத்து கிளம்பும். நீங்க இறங்கற திசைக்கு நேர் எதிர். பேக்ராஃப்ட் மூன்று, மூன்றரை கிலோ, தண்ணிக்கு மேல நிக்கற உடம்பு பெரிசு, அடியில பிடிமானமே இல்ல. பலமான எதிர்க்காத்துல துடுப்பு போட்டுப் போட்டு நின்ன இடத்துலயே நிப்பீங்க. மதியம் 1 மணிக்குள்ள கரையேறிடணும். கரையில படகை விட்டுட்டு டீ போடப் போகும்போது கல்லு வைக்காம போகாதீங்க, பட்டம் மாதிரி பறந்துடும்.

அதனால மேல, கீழ ரெண்டு இடத்துலயும் 9 மணிக்கு இறங்கி 1 மணிக்கு முடிக்கறதுதான் கைக்கு அடங்கற கணக்கு. மேல் பகுதியில 6 மணிக்கு இறங்கினா தண்ணி போதாம சரளையில அடி தேயும், கை விறைச்சு முடிச்சுகூட அவிழ்க்க வராது. ஆனா ஒண்ணு, மேல நீங்க போறது ஏறுகிற தண்ணியில. சரளைத் திட்டுல நிறுத்தி மெதுவா சாப்பிடற வேலை வேண்டாம், கூடாரமும் திட்டுல போடக் கூடாது. பழைய வெள்ளக் கோட்டுக்கு மேல, புல் முளைச்ச மேட்டுல போடுங்க.

டிரைசூட்: கட்டாயம். முகத்தருகே தண்ணி ஒண்ணு, ரெண்டு டிகிரி, கீழ வந்தாலும் ஒற்றை இலக்கம்தான். குளிர்தண்ணிக்கு 1-10-1ன்னு ஒரு கணக்கு சொல்வாங்க: விழுந்த முதல் 1 நிமிஷம் மூச்சு கட்டுக்குள்ள இருக்காது, அடுத்த 10 நிமிஷம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், நினைவு போறதுக்கு சுமார் 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிஷத்துக்குள்ள படகுல ஏறணும். 3 மி.மீ. வெட்சூட் தண்ணிக்குள்ள கொஞ்சம் காப்பாத்தும், ஆனா ஈரத்தோட படகுல உக்காந்து காத்து வாங்கறப்போ உடம்புச் சூட்டை உறிஞ்சிடும்.

டிரைசூட்டுக்குள்ள கம்பளி அல்லது ஃப்ளீஸ். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். போட்டதும் குந்தி உக்காந்து கழுத்துப் பட்டையை விரலால விலக்கி உள்காத்தை வெளியேத்துங்க, இல்லாட்டி தண்ணியில விழுந்தா பலூன் ஆயிடுவீங்க, நீந்த முடியாது. கழுத்து, மணிக்கட்டு பட்டை லேடக்ஸ்னா எண்ணெய்தான் அதுக்கு எமன். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிட்டு அதை மாட்டாதீங்க. சன்ஸ்க்ரீன், கொசு மருந்தும் அப்படித்தான். டால்கம் பவுடர் தூவினா வழுக்கிட்டு இறங்கும்.

மலைநோய்க்கு டயமாக்ஸ் சாப்பிடறதா இருந்தா (வழக்கமா 125 மி.கி. ரெண்டு வேளை, டாக்டர்கிட்ட கேட்டுட்டு, சல்ஃபா ஒவ்வாமை இருக்கான்னும் பாத்துட்டு) அடிக்கடி சிறுநீர் வரும். முன்பக்க ஜிப் இல்லாத டிரைசூட்ல அது பெரிய அவஸ்தை. வாங்கறப்போ யாரும் இதை யோசிக்கறதில்ல.

காளி_கரை

ஜிப் விஷயத்தில் என் கருத்து வேறு, பலருக்கு அது பிடிக்காது. உள்ளே சாமான் வைத்தால் பாரம் தாழ இருக்கும், படகு நிலையாக நிற்கும், மூக்கில் பை கட்டியதால் பார்வை மறைவதும் இல்லை. எல்லாம் சரி. ஆனால் டோடா சுமந்து வருவது பனியாறு அரைத்த கல்மாவு. பல் இடுக்கில் அது உட்கார்ந்த ஜிப்பை இழுத்தால் பல் நசுங்கும், அதற்குப் பிறகு மெதுவாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும். டேப் ஒட்டினாலும் நிற்காது. படகின் காற்றறையே அந்த ஜிப்பை நம்பித்தான் இருக்கிறது.

ஜிப் உள்ள படகுதான் கைவசம் என்றால்: திறப்பதற்கு முன் சுத்தமான தண்ணீரால் கழுவி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மூடும் முனையில் அதற்கான கிரீஸ் ஒரு பொட்டு வைத்து, கடைசி அங்குலம் வரை இழுத்து அடைக்க வேண்டும். நூறில் தொண்ணூறு கசிவு அந்தக் கடைசி அங்குலத்தை அடைக்காததுதான். நாள் முழுக்கத் திறக்கத் தேவையில்லாததை (தூக்கப்பை, மீதி நாள் சாப்பாடு) மட்டும் உள்ளே வையுங்கள். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும், ஒரு கிலோ வித்தியாசம்கூடப் படகை ஒரு பக்கம் இழுக்கும். முதலுதவி, டேப், கனமான ஜாக்கெட் மூன்றும் கைக்கு எட்டும் பையில்.

காற்று: 2 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 25 டிகிரி வெயிலில் நிரப்பிய படகை 5 டிகிரி தண்ணீரில் வைத்தால், 4,000 மீட்டர் உயரத்தில் அழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். ஓட்டை விழவில்லை, காற்று சுருங்குகிறது. நிரப்பி, தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து, மறுபடி நிரப்பிய பிறகே ஏறுங்கள். தொய்ந்த படகு அலையில் நடுவில் மடியும். கரையேறினால் தலைகீழ்க் கதை: குளிர்ந்து விறைப்பாக நிரப்பிய படகு வெயிலில் 35 டிகிரிக்குப் போனால் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும், தையல் விடும். கரை தொட்டதும் வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விடுங்கள். அந்த உயரத்தில் வாயால் ஊதி நிரப்பினால் தலை சுற்றும், கைக்கடக்கமான பம்ப் ஒன்று மூன்று பேருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

பிரிந்து பிரிந்து ஓடும் படுகையில் எந்தக் கிளையில் போவது என்பதுதான் நாள் முழுக்க வேலை. பால் போன்ற தண்ணீர், அடி தெரியாது. தண்ணீரின் பெரும்பங்கு எங்கே திரும்புகிறதோ அங்கே போங்கள், நேராகவும் சுருக்கமாகவும் தெரிகிற கிளை பெரும்பாலும் சரளையில் போய் மடியும். மேற்பரப்பில் சின்னச் சின்னச் சலசலப்பு பரவலாகத் தெரிந்தால் அங்கே ஆழம் ஒரு சாண். வழவழவென்று நாக்கு போல நீளும் இடம்தான் வழி. தட்டிவிட்டால் உட்கார்ந்தபடி உந்தித் தள்ளாதீர்கள், இருக்கைக்கு அடியில் துணி தேய்ந்து கிழிவது அப்படித்தான். இறங்கி இழுங்கள், முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இருக்கும்போது மட்டும். அதற்கு மேல் ஓட்டத்தில் எழுந்து நின்றால் பாறை இடுக்கில் கால் மாட்டும், தண்ணீர் முதுகை அழுத்திக் குப்புறத் தள்ளும்.

ஒரு சின்ன விஷயம்: படகின் அடியில் தாளிப்புச் சட்டி மாதிரி "உஸ்" என்று விடாமல் சத்தம் வரும். கல்மாவு துணியில் உரசுகிற சத்தம், ஓட்டை இல்லை. பயந்து கரையேற வேண்டாம்.

மடிவாளா_மூட்டை

நடையன் தம்பி, இன்ரீச்சை மச்சானிடமே விட்டுவிடுங்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசேஜ் கருவி வைத்திருப்பது குற்றம். விமான நிலையச் சோதனையிலேயே பிடிபட்டு வழக்கு வரை போனவர்கள் இருக்கிறார்கள். பதிலாக: பிற மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, மூன்று பேரும் போஸ்ட்பெய்டு எடுங்கள், முடிந்தால் இரண்டு நிறுவனத்தில். மேல் பகுதியில் அதுவும் வராது. எந்தத் தேதி, எத்தனை மணிக்குள் எங்கே வந்து சேருவோம் என்று எழுதி பதும் விடுதியில் கொடுத்துவிட்டு, டாக்ஸிக்காரரிடம் இரண்டாம் நாள் ஒரு பாலத்தருகே சந்திப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை.

மூட்டை: படகு 3.5, டிரைசூட் 1.5, மிதவை ஜாக்கெட் 0.8, துடுப்பு 1, ஹெல்மெட் 0.4, எறிகயிறு 0.5. ஏழே முக்கால் கிலோ ஆச்சு. கூடாரம், தூக்கப்பை, துணி, பாத்திரம் ஆறரை. நாலு நாளோடு ஒரு நாள் கூடுதலாக ஐந்து நாள் சாப்பாடு, நாளுக்கு 700 கிராம் என்றால் மூன்றரை. ஆக 18 கிலோவுக்குப் பக்கம். உள்நாட்டு விமானத்தில் வழக்கமான 15 கிலோவும் கையில் 7 கிலோவும் இதற்குப் போதும். துடுப்பு நாலு துண்டாகப் பிரிவதாக இருக்கட்டும். கத்தி லக்கேஜில், பவர்பேங்க் கையில். கேஸ் சிலிண்டர் எதிலும் விடமாட்டார்கள், லேயில் வாங்கிக்கொள்ளலாம். மிதவை ஜாக்கெட் நுரை அடைத்ததாக இருக்க வேண்டும், சிலிண்டரில் ஊதுகிற வகை ஆற்றுக்கும் ஆகாது, விமானத்திலும் தகராறு.

சமையல்: 4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு வேகாது, கேஸ்தான் தீரும். அவல், வறுத்த ரவையில் உப்புமா மிக்ஸ், சத்துமாவு, பொடித்த பொட்டுக்கடலை, புளிக்காய்ச்சல் கொண்டு போங்கள். அவலும் புளிக்காய்ச்சலும் அடுப்பே இல்லாமல் ஒரு வேளை. மதியம் படகில் சாப்பிட கடலைமிட்டாய், கையுறையைக் கழற்றாமல் பிரிக்கிற மாதிரி முன்பே உறையை நீக்கி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

குடிநீர்: கல்மாவுத் தண்ணீரை ஃபில்டரில் நேராக விட்டால் இரண்டு லிட்டரில் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் தெளிந்த ஊற்றோ ஓடையோ இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லாவிட்டால் இரவே பாத்திரத்தில் பிடித்து, படிகாரத்தை இரண்டு சுற்று சுற்றி, தெளிய விட்டு, காலையில் மேல் தண்ணீரை மட்டும் வடித்துக் கொதிக்கவையுங்கள். நம்மூரில் தேற்றாங்கொட்டை தேய்த்துத் தெளிய வைத்த அதே வேலைதான். அந்த உயரத்தில் நன்றாகக் கொதி வந்த பிறகு மூன்று நிமிடம்.

லேயில் இறங்கியதும் இரண்டு நாள் முழு ஓய்வு. அது 3,500 மீட்டர். பதுமில் ஒரு இரவு. அதற்கு மேல்தான் பென்ஸி லா, 4,400.

ஜெயநகர்_நடையன்

மிக்க நன்றி. மலையிடுக்கு ரத்து, நிம்மு வழியாகவே பதும் போகிறோம். இரண்டு கேள்வி மட்டும். டிரைசூட் இரண்டுதான் கிடைத்திருக்கிறது, மூன்றாமவர் வெட்சூட்டில் வந்து கிரேடு 1 பகுதியில் மட்டும் துடுப்பு போடலாமா? டோடாவில் தண்ணீர் போதவில்லை என்றால் சரப் பக்கம் மாற்றிக்கொள்ளலாமா?

பரிசல்துறை

மூன்றாமவர் டிரைசூட் இல்லாமல் இறங்க வேண்டாம். தண்ணீரின் குளிருக்கு கிரேடு தெரியாது. அகலமான, அமைதியான இடத்தில் கவிழ்ந்தால் கரை இன்னும் தூரம். வாடகைக்குக் கிடைக்காவிட்டால் அவர் சாலையில் வண்டியோடு வரட்டும், கரையிலிருந்து எறிகயிறு பிடிக்கவும் ஆள் ஆச்சு. ஆனால் இரண்டு படகு என்பது குறைந்தபட்சத்துக்கும் கீழே. ஒருவர் கவிழ்ந்தால் மற்றவர் ஆளைப் பிடிப்பாரா, படகைப் பிடிப்பாரா? பதில் எப்போதும் ஆள்தான், படகு போனால் போகட்டும். அதனால் இரண்டு படகு மட்டும் என்றால் கர்ஷா பக்கத்து விரிந்த கீழ்ப்பகுதியோடு நிறுத்துங்கள்.

சரப் வேண்டாம். ஒடுக்கம், நிலச்சரிவு மலிந்த பள்ளத்தாக்கு. 2014 டிசம்பர் கடைசியில் புக்தல் ஆற்றில் மலை சரிந்து ஏரி தேங்கியது, அது 2015 மே 7 அன்று உடைந்து கீழே பாலங்களை அடித்துக்கொண்டு போனது. அந்தத் தண்ணீர் வந்த வழி சரப்தான். டோடாவில் தண்ணீர் போதவில்லை என்றால் பத்து கி.மீ. கீழே போய் இறக்குங்கள், பக்க ஓடைகள் சேர்ந்திருக்கும்.

பாலங்களில் ஒரு கவனம். மரங்கள் குறைவு என்பதால் விழுந்த மரம் வழி மறிப்பது அரிது. ஆனால் பழைய பாலங்களின் இரும்புக் கம்பி, உடைந்த தூண், கிராமங்கள் பக்கம் வேலிக்கம்பி நீரில் தொங்கலாம். மேலே போகும்போது குறித்த பாலம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் கரையேறி, நடந்து பார்த்துவிட்டுப் போங்கள். உடம்பைப் படகோடு கட்டிக்கொள்ளாதீர்கள், தொங்கும் கயிற்றில்தான் ஆள் மாட்டுவது.

காளி_கரை

கிழிசல் வேலைக்கு: அந்தக் குளிரில் அக்வாசீல் பசையை நம்பாதீர்கள். பெங்களூர் வெயிலில் ஒரு ராத்திரியில் காய்வது 5 டிகிரியில் ஒரு நாள் தாண்டியும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆற்றங்கரையில் டேப்தான். கிழிந்த இடத்தைக் கழுவி, உலர்த்தி, ஆல்கஹால் துணியால் துடையுங்கள். டேப்பை ஜாக்கெட்டுக்குள் பத்து நிமிடம் வைத்துச் சூடாக்கி, மூலைகளை வட்டமாக வெட்டி, கிழிசலைச் சுற்றி இரண்டு விரல் அகலம் கூடுதலாக ஒட்டுங்கள், முடிந்தால் உள்ளேயும் வெளியேயும். அரை சாணுக்கு மேல் கிழிந்திருந்தால் முதலில் பல் இடுக்கு நூலால் தைத்துவிட்டு அதன் மேல் டேப். காற்றடைத்து அரை மணி வைத்துப் பார்த்த பிறகு தண்ணீரில் இறக்குங்கள். பசையை பதும் விடுதி அறையில் போட்டுக்கொள்ளலாம்.